கைவிளக்கேந்திய காரிகையின் மூன்று நிறங்கள்

நமது பழைய மாணவியர் சங்கம் நூறாவது ஆண்டை நிறைவு செய்யும் இவ்வேளையில் மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். வைத்தியர் என்பதால் டெங்கு பற்றியோ நீரிழிவு பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுத விரும்பியதோ ஒரு பெண்மணியின் வாழ்க்கையை. நாம் எல்லோரும் அறிந்த பெயர்தான். நமது பாடசாலையின் முதலுதவி அறைச் சுவரில், மருந்துப் பெட்டிக்கு மேலே, கையில் விளக்கோடு நின்ற அந்த அம்மையாரின் படத்தை, முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடும்போது நம்மில் பலர் பார்த்திருப்போம்.

அந்தப் படத்தில் இல்லாத ஒரு விடயத்தையே இங்கு சொல்ல வந்தேன். அவர் விளக்கை மட்டும் ஏந்தவில்லை. நிறங்களையும் ஏந்தினார். எத்தனை நிறம், எந்த நிறம், எதற்கு என்று யோசித்து அவர் வரைந்த ஒரு படம், அவரது விளக்கை விடவும் அதிக உயிர்களுக்கு உதவியது என்பது என் எண்ணம்.

இதை எழுதத் தூண்டியவர் நமது புவியியல் ஆசிரியை. யட்டவத்தவின் மழையில் நனைந்து வந்து உட்கார்ந்த ஒரு காலைப் பாடவேளையில், இலங்கையின் மழைவீழ்ச்சிப் படத்துக்கு நிறம் தீட்டச் சொன்னார். எனக்கு அப்போது பன்னிரண்டு நிறப் பென்சில் பெட்டி ஒன்று புதிதாகக் கிடைத்திருந்தது. பன்னிரண்டையும் பயன்படுத்தினேன். ஈரவலயத்துக்கு மஞ்சள், இடைவலயத்துக்கு ஊதா, உலர்வலயத்துக்குப் பச்சை, அவற்றின் உட்பிரிவுகளுக்கு மீதி நிறங்கள். வகுப்பிலேயே அழகான படம் என்னுடையதுதான் என்ற பெருமிதத்தோடு கொடுத்தேன். ஆசிரியை படத்தின் ஓரத்திலிருந்த விளக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, மழை அதிகம் எங்கே என்று என்னையே கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. நீலப் பென்சில் ஒன்றை மட்டும் தந்து, மழை கூடக் கூட அழுத்தித் தீட்டும்படி சொல்லி அனுப்பினார். 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும் ஈரவலயம் கடும் நீலமாகவும், 1,750க்குக் குறைந்த உலர்வலயம் வெளிர் நீலமாகவும், நமது ஊர் அடங்கிய இடைவலயம் இரண்டுக்கும் நடுவிலும் வந்தன. விளக்கத்தை மறைத்தாலும் படம் பேசியது. அந்தப் பாடத்தின் பெறுமதி எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன.

பிறப்பும் இளமையும்

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820 மே 12ஆம் திகதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரையே பெற்றோர் சூட்டினர். ஒரு வருடம் முன்னர் நேப்பிள்சில் பிறந்த அக்காவுக்கும் அந்நகரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப் என்பதையே வைத்திருந்தார்கள். செல்வக் குடும்பம். டார்பிஷயரில் ஒரு வீடு, ஹாம்ப்ஷயரில் ஒரு மாளிகை. பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் அதிகம் இல்லாத காலம். தந்தை வில்லியம் தாமே இரு மகள்மாருக்கும் ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு, தத்துவம் கற்பித்தார். இளைய மகளின் மனமோ கணிதத்தின்பால் சென்றது. கணிதம் ஒரு பெண்ணுக்கு எதற்கு என்று தாயார் தயங்கினார். மகள் விடவில்லை.

1837 பெப்ரவரியில், பதினாறு வயதில், தமது வாழ்க்கை பிறருக்குப் பணி செய்வதற்கே என்று இறைவன் அழைத்ததாக அவர் உணர்ந்தார். என்ன பணி என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் சென்றன. தெளிவானபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு. அக்காலத்தில் வைத்தியசாலைத் தாதி வேலை மதிப்பான குடும்பத்துப் பெண்களுக்கு ஏற்றதாகக் கருதப்படவில்லை. 1845இல் சோல்ஸ்பரி வைத்தியசாலையில் பயிற்சி பெற அனுமதி கேட்டபோது பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அவர் வாதாடிக் காலத்தை வீணாக்கவில்லை. வீட்டார் எழுமுன் விடிகாலையில் எழுந்து, வைத்தியசாலை அறிக்கைகளையும் பொதுச் சுகாதார அறிக்கைகளையும் படித்துக் குறிப்பெடுத்தார். தாதியாவதற்கு முன்னரே அவர் புள்ளிவிபரத்தின் மாணவியாகிவிட்டார்.

தமக்குப் பிடித்த ஒருவரின் திருமண வேண்டுகோளையும் மறுத்தார். ஜேர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் 1851இல் பயிற்சி பெற்றார். 1853இல் லண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற பெண்களுக்கான சிறிய நிலையமொன்றின் பொறுப்பை ஏற்றார். அப்போது வயது முப்பத்து மூன்று.

ஸ்கூட்டாரி

அடுத்த ஆண்டு கிரைமிய யுத்தம். காயமுற்ற பிரித்தானியப் படைவீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கிறார்கள் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்தது. யுத்த அமைச்சராக இருந்த நண்பர் சிட்னி ஹேர்பேர்ட்டின் வேண்டுகோளின்படி, 1854 ஒக்டோபர் 21ஆம் திகதி 38 தாதியருடன் புறப்பட்டு, நவம்பர் தொடக்கத்தில் ஸ்கூட்டாரி போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஆசியக் கரைதான் அந்த இடம். துருக்கியப் படையினரின் பெரிய குடியிருப்புக் கட்டடமொன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது.

அங்கே அவர் கண்டவற்றை நாம் சிறுவயதில் படித்திருக்கிறோம். கட்டில் இல்லை, துணி இல்லை, சவர்க்காரம் இல்லை. இரவில் மைல் கணக்கான படுக்கை வரிசைகளுக்கிடையே விளக்கோடு நடந்தார் என்பதும் உண்மை. ஆனால் பாடப்புத்தகம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அவர் போன பிறகும் மரணங்கள் குறையவில்லை. முதல் பனிக்காலத்தில் கூடின. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியின் மரணவீதம் 100க்கு 42 என்ற அளவுக்கு ஏறியது. கட்டடத்தின் கீழே கழிவுக் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. காற்றோட்டம் இல்லை. தண்ணீர் அசுத்தம். மார்ச் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதார ஆணைக்குழு கால்வாய்களைச் சுத்தம் செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, காற்றுக்கு வழிவிட்டு, தண்ணீரைச் சீர்செய்தது. ஜூன் மாதமளவில் அந்த வீதம் 100க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

இன்னொரு குறையையும் அம்மையார் அங்கே கண்டார். மரணப் பதிவேடுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு அலுவலகத்தின் கணக்கு இன்னொன்றின் கணக்கோடு ஒத்துவரவில்லை. இறந்தவர்களை எண்ணக்கூடத் தெரியாத ஒரு நிர்வாகம், இருப்பவர்களை எப்படிக் காப்பாற்றும் என்ற கேள்வி அவர் மனதில் விழுந்தது.

தாமும் அங்கே கடும் காய்ச்சலில் விழுந்தார். பிற்கால வைத்தியர்கள் பலர் அது புரூசெல்லோசிஸ் என்று கருதுகிறார்கள். அதன் வேதனை பல ஆண்டுகள் அவரைக் கட்டிலோடு கட்டிப்போட்டது. இனி நான் சொல்லப்போகும் வேலைகளில் பெரும்பகுதி நோயுற்ற உடலோடு செய்தவை.

எண்கள் பேசத் தொடங்கின

1856 ஓகஸ்ட் மாதம் நாடு திரும்பினார். ஊரெங்கும் புகழ். வரவேற்பு ஊர்வலங்களைத் தவிர்த்து வீடு வந்து சேர்ந்தார். அடுத்த மாதமே ஸ்கொட்லாந்தில் விக்டோரியா மகாராணியைச் சந்தித்து, இராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க அரச ஆணைக்குழு தேவை என்று எடுத்துரைத்தார். 1857இல் ஆணைக்குழு அமைந்தது. பெண் என்பதால் அவர் அதில் உறுப்பினராக முடியாது. ஆனால் அதன் எண்களுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான்.

இந்த வேலையில் அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் பார். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் புள்ளிவிபர அறிஞர். தாமும் வைத்தியம் படித்தவர். இருவரும் யுத்தகால மரணங்களை மாதம் மாதமாக, காரணம் காரணமாகப் பிரித்தார்கள். 1855 ஜனவரி மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். ஏனைய காரணங்களால் 324 பேர். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். எதிரியின் குண்டுக்கு ஒருவர் என்றால் அசுத்தத்துக்கு முப்பத்து மூவர்.

நாடே குண்டுகளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையை இழந்த தாய்மார் போர்க்களத்தில் இழந்ததாகவே நினைத்திருந்தார்கள். உண்மை அட்டவணையில் இருந்தது. ஆனால் அட்டவணையை யார் படிப்பார்கள்? அமைச்சர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அம்மையாருக்குத் தெரியும். பார் அவர்களோ, புள்ளிவிபரம் உலர்ந்ததாக இருப்பதே நல்லது என்ற எண்ணமுடையவர். அம்மையார் அதை ஏற்கவில்லை. காது வழியாகப் போகாதது கண் வழியாகப் போகட்டும் என்று தீர்மானித்தார்.

நீலம், சிவப்பு, கறுப்பு

அப்படிப் பிறந்ததுதான் 1858இல் அச்சான அந்தப் புகழ்பெற்ற படம். கிழக்கே இருந்த இராணுவத்தில் ஏற்பட்ட மரணங்களின் காரணங்களைக் காட்டுவது. இரண்டு வட்டங்கள். வலப்பக்கத்துப் பெரியது 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை; இடப்பக்கத்துச் சிறியது அதற்கடுத்த ஆண்டு. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஆரைச்சிறைகள், மாதத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கோணம் ஒன்றே, 30 பாகை. மரணம் கூடிய மாதத்தின் ஆரைச்சிறை வெளியே நீண்டு நிற்கும். குறைந்த மாதத்தினது மையத்தோடு ஒடுங்கிக் கிடக்கும். தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலம். காயங்களுக்குச் சிவப்பு. ஏனைய எல்லாவற்றுக்கும் கறுப்பு.

இன்று பாடசாலைப் பிள்ளைகளும் கணினியில் நிறப்படம் வரைகிறார்கள். ஆகவே இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். அவர் செய்த ஒவ்வொரு தெரிவையும் நின்று பார்த்தால் அதிசயம் விளங்கும்.

முதலாவது, நிறங்களின் எண்ணிக்கை. வீரர்கள் இறந்த நோய்களுக்குப் பல பெயர்கள் இருந்தன. கொலரா, வயிற்றுளைவு, வயிற்றோட்டம், டைபஸ் காய்ச்சல் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தால் படம் என் பழைய மழைவீழ்ச்சிப் படம் போலாகியிருக்கும். அவர் எல்லாவற்றையும் ஒரே நீலத்துக்குள் சேர்த்தார். அது ஓவியத் தீர்மானம் அல்ல, வைத்தியத் தீர்மானம். அவர் கேட்ட கேள்வி எந்த நோய் என்பதல்ல; இவர் இறந்திருக்க வேண்டுமா என்பது. கேள்வி ஒன்றாக இருந்தபடியால் மூன்று நிறங்கள் போதுமாக இருந்தன.

இரண்டாவது, ஒரு நிறத்துக்கு ஒரு பொருள். இருபத்து நான்கு மாதங்களிலும் நீலம் நீலமாகவே இருந்தது. நடுவில் பொருள் மாறவில்லை. சில மாதங்களில் இரண்டு நிறங்களின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்று மறைந்துபோனது. அந்த மாதங்களின் பெயரைச் சொல்லிப் படத்தின் கீழே குறிப்பு எழுதினார். பார்ப்பவர் தவறாக நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது.

மூன்றாவது, நிறத்துக்கு ஒரு வேலை, அளவுக்கு ஒரு வேலை. என்ன வகை மரணம் என்பதை நிறம் சொன்னது. எவ்வளவு என்பதைப் பரப்பளவு சொன்னது. இரண்டையும் அவர் குழப்பவில்லை. இதில் அவர் ஒரு தடவை தவறியும் இருக்கிறார். முன்னர் வரைந்த ஒரு படத்தில் மையத்திலிருந்தான நீளத்தையே எண்ணிக்கையாக எடுத்துவிட்டார். ஆரை இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்காகும் என்பது நமது கணித வகுப்பில் படித்ததுதான். 33 மடங்கு மரணத்தை 33 மடங்கு நீளத்தால் காட்டினால் கண்ணுக்கு அது ஆயிரம் மடங்குக்கு மேலாகத் தெரியும். தமது பக்கத்துக்குச் சாதகமான மிகைப்படுத்தல்தான். அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. பிழையைச் சுட்டிக் குறிப்புச் சேர்த்து, பரப்பளவைக் கொண்டு புதிதாக வரைந்தார். அந்தக் கணக்கின்படி 1855 ஜனவரியின் நீலம் சிவப்பைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மட்டுமே நீளம். அது போதும்.

நான்காவது, சிவப்பை அவர் வைத்த இடம். யுத்தம் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது இரத்தத்தின் நிறம். அதைக் காயங்களுக்கே கொடுத்தார். படத்தைத் திறப்பவர் சிவப்பைத்தான் தேடுவார். தேடினால் நடுவில் சிறிய துண்டுகளாக அது கிடக்கும். சுற்றிலும் பரந்து நிற்பது நீலம். எதிர்பார்த்த நிறம் சிறுத்து, எதிர்பாராத நிறம் பெருத்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் படம் தன் செய்தியைச் சொல்லிவிடுகிறது.

அதே காலத்தில் இன்னொரு படமும் வரைந்தார். இது சலாகை வரைபு, இரண்டே நிறங்கள். இங்கிலாந்தின் சாதாரண ஆண்களுக்குக் கறுப்பு, சமாதான காலத்தில் நாட்டுக்குள்ளேயே இருந்த படைவீரர்களுக்குச் சிவப்பு. 20 முதல் 25 வயது வரையானவர்களில் ஆயிரத்துக்கு 8.4 பொதுமக்கள் இறந்தபோது படைவீரர்கள் 17 பேர் இறந்தார்கள். தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்ட திடகாத்திரமான இளைஞர்கள், போரே இல்லாமல், படைக்குடியிருப்பின் நெரிசலால் இரு மடங்கு இறந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் கறுப்புக்குக் கீழே நீண்ட சிவப்பு. படிக்கத் தெரியாதவருக்கும் அது விளங்கும்.

படம் செய்த வேலை

இப்படங்களைப் பூட்டி வைப்பதற்காக அவர் வரையவில்லை. தனிப்பிரசுரமாக அச்சிட்டு அதிகாரத்தில் இருந்தவர்களுக்கும் கருத்தை உருவாக்கக்கூடியவர்களுக்கும் அனுப்பினார். எழுத்தாளர் ஹரியட் மார்ட்டினோ 1859இல் படைவீரர்கள் பற்றி எழுதிய நூலில் படம் சேர்க்கப்பட்டுப் பொதுமக்களிடமும் போனது. படைக்குடியிருப்புகளின் காற்றோட்டம், கழிவகற்றல், குடிநீர் ஆகியவை திருத்தப்பட்டன. இராணுவ வைத்தியக் கல்லூரியும் இராணுவப் புள்ளிவிபரப் பிரிவும் உருவாயின. லண்டன் புள்ளிவிபரச் சங்கம் 1858இல் அவரைத் தன் முதலாவது பெண் உறுப்பினராக ஏற்றது. அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கம் 1874இல் கௌரவ உறுப்பினராக்கியது. இவற்றுக்கிடையே 1860இல் லண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானது. இன்று நமது நாட்டுத் தாதியர் கல்லூரிகளில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுவே மூத்த வீடு.

அவரது பார்வை நம் பக்கமும் திரும்பியது. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1863இல் வெளியான அரச ஆணைக்குழு அறிக்கைக்காக இந்தியாவின் முகாம்களிலிருந்து வந்த கட்டுக்கட்டான விபரங்களை அவர் வாசித்தார். பத்து ஆண்டுகளில் அந்த வீதம் 18 ஆகக் குறைந்ததாக அவரே பின்னர் கணக்குக் காட்டினார். படையோடு நிற்காமல் இந்தியக் கிராமங்களின் குடிநீர், நீர்ப்பாசனம், பஞ்சம் பற்றியும் முதுமைவரை எழுதினார். இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் இந்தியாவில் கால் வைத்ததில்லை.

இம்மலரை வாசிக்கும் நமக்கு இன்னொரு செய்தி நெருக்கமானது. அதே 1863இல், பிரித்தானியக் குடியேற்ற நாடுகளின் சுதேசப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் நோயும் மரணமும் எப்படி இருக்கின்றன என்று ஓர் ஆய்வை வெளியிட்டார். குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் மூலம் படிவங்கள் அனுப்பப்பட்டன. பதில் அனுப்பியவற்றில் இலங்கைப் பாடசாலைகளும் இருந்தன. நமது சங்கம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே, இத்தீவின் வகுப்பறைப் பிள்ளைகளின் எண்ணிக்கை லண்டனில் ஒரு நோயாளிப் பெண்மணியின் கட்டிலருகே இருந்த காகிதங்களில் இடம்பெற்றிருந்தது. வந்த விபரங்கள் முழுமையற்றவை என்பதையும் அவர் மறைக்கவில்லை; பதிவு ஒழுங்காக இல்லாவிட்டால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது என்பதே அவரது முடிவுகளில் ஒன்று.

அவரிடமும் குறைகள் உண்டு. நோய் அசுத்தக் காற்றால் வருகிறது என்ற பழைய கொள்கையை நீண்ட காலம் விடாமல் பிடித்திருந்தார். கிருமிகளைப் பற்றிய புதிய அறிவை ஏற்கத் தாமதித்தார். அவர் கொடுத்த காரணம் பிழை. அவர் எண்ணிய எண்ணிக்கையோ சரி. நேர்மையாக எண்ணியபடியால், காரணம் பிழைத்த இடத்திலும் பரிகாரம் பிழைக்கவில்லை. கால்வாயைச் சுத்தம் செய்தால் கெட்ட காற்றும் போகும், கிருமியும் போகும்.

என் கதை ஒன்று

இங்கே என் சொந்தத் தவறொன்றையும் சொல்ல வேண்டும். 2017 டெங்கு ஆண்டு. நாடு முழுவதிலும் 186,000க்கும் அதிகமானோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். நான் அப்போது வேறொரு மாவட்டத்தின் சுகாதாரப் பணிமனை ஒன்றில் வேலை. வாராந்தக் கூட்டத்துக்குப் பிரிவு வாரியாக நோயாளிகளின் படம் தயாரித்தேன். கணினி தந்த நிறங்களில் ஒன்பதைத் தெரிந்தெடுத்தேன். நிலைமை மோசமான பிரிவுகளுக்குச் சிவப்பு, பரவாயில்லாதவற்றுக்குப் பச்சை, இடையில் கபிலம், செம்மஞ்சள் என்று. திரையில் மிக அழகாக இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டம் முடிந்தது.

அடுத்த வாரம்தான் தெரிந்தது. புகையடிக்கும் குழு அந்த வாரம் போயிருக்க வேண்டிய சிவப்புப் பிரிவொன்றுக்குப் போகவில்லை. பொறுப்பாக இருந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அனுபவமுள்ளவர், கடமையில் ஒரு குறையும் வைக்காதவர். என் மேசைக்கு அருகே வந்து, குரலைத் தாழ்த்தி, தமக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது என்று சொன்னார். சேவைக்காலம் முழுவதும் யாரிடமும் சொன்னதில்லையாம். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பிரிவிலிருந்து மேலும் நோயாளிகள் வந்தார்கள். ஒரு சிறுமி அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்த்தான் மீண்டாள். தவறு அவருடையதல்ல. வைத்தியம் படித்த நான், நிறக்குருடு பற்றிப் பரீட்சை எழுதிய நான், கூட்டத்தில் இருப்பவர்களின் கண்களை நினைக்கவில்லை.

ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரையில் இக்குறை உண்டு. நமது பிரதேசங்களில் சற்றுக் குறைவு. பெண்களில் மிக அரிது. தாயிடமிருந்து மகனுக்குப் போகும் குறை அது. ஆகவே பெண்களாகிய நாம் படம் வரையும்போது இதை மறப்பது எளிது. அன்றிரவு அம்மையாரின் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நீலமும் சிவப்பும் இக்குறையுள்ள பெரும்பாலோர்க்கு வேறாகத் தெரியும். அவரது சிவப்பும் கறுப்பும் மட்டும் சிலருக்குக் குழப்பம் தரக்கூடும், ஏனெனில் ஒரு வகைக் குறைபாட்டில் சிவப்பு இருண்டு தெரியும். ஆனால் அவர் அறிவிக்க விரும்பிய முக்கிய வேறுபாடு நீலத்தில் இருந்தபடியால் செய்தி தப்பிப் பிழைக்கிறது.

மறுநாள் என் படத்தை ஒரே நிறத்தில் வரைந்தேன். நோயாளி குறைந்த பிரிவு வெளிர் நிறம், கூடியது கடும் நிறம். ஒவ்வொரு பிரிவின் மேலும் எண்ணையும் எழுதினேன். அந்தப் பரிசோதகர் தூரத்திலிருந்தே கடும் நிறங்களை ஒன்று விடாமல் சுட்டிக்காட்டினார். கறுப்பு வெள்ளையில் போட்டோப் பிரதி எடுத்தபோதும் படம் அப்படியே நின்றது. நமது புவியியல் ஆசிரியை நீலப் பென்சிலைத் தந்தபோது சொன்னது அதுதான்.

இறுதிக் காலம்

அம்மையார் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தார். கடைசி ஆண்டுகளில் கண்பார்வை போய்விட்டது. நிறங்களால் நாட்டுக்குக் கண் திறந்தவருக்கு வந்த முடிவு அது. 1907இல் பிரித்தானியாவின் உயரிய விருதான ஓடர் ஒப் மெரிட் வழங்கப்பட்டது. அதைப் பெற்ற முதலாவது பெண் அவரே. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி லண்டனில் உறக்கத்திலேயே காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்தனர். ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெலோ தேவாலய முற்றத்தில் குடும்பக் கல்லறையில் அடங்கினார். நினைவுக் கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் பிறந்த இறந்த நாட்களும் மட்டுமே உள்ளன. எண்ணுக்கும் எழுத்துக்கும் அளவு தெரிந்தவருக்குப் பொருத்தமான கல்.

அவர் பிறந்த மே 12ஐ உலகம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. நமது பாடசாலையிலும் அன்று விளக்கேற்றுவார்கள். இனி அந்நாளில் விளக்கோடு ஒரு நிறப் படத்தையும் மேடையில் வைக்கும்படி அதிபர் அவர்களையும் ஆசிரியைகளையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன். விஞ்ஞானக் கண்காட்சிக்கு வரைபு தயாரிக்கும் தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. முதலில் நீங்கள் கேட்கும் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் குறைவைக் காட்டுவதென்றால் ஒரே நிறத்தை வெளிரிலிருந்து கடுமைக்குக் கொண்டுபோங்கள். வகைகளைக் காட்டுவதென்றால் வேறுவேறு நிறங்களை எடுங்கள், ஆனால் மூன்று நான்கோடு நிறுத்துங்கள். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைத்து அவற்றை மட்டும் நம்பியிருக்காதீர்கள். முடிந்தபின் ஓரத்து விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் தோழியிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது நான் சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். கிளினிக் நாட்களில் தாய்மார் பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டைக் கொண்டு வருவார்கள். தோட்டத்திலிருந்து கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு ஓடிவரும் தாய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம். ஆனால் வளர்ச்சிப் படத்தைத் திறந்ததும், பிள்ளையின் புள்ளி பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா, கீழே சிவப்புப் பக்கம் இறங்குகிறதா என்று எனக்கு முன்னரே பார்த்துவிடுகிறாள். சென்ற மாதம் அப்படி ஒரு தாய், மருத்துவ மாது சொல்லுமுன்னரே புள்ளி இறங்குவதைத் தானாகக் கண்டு, கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பச்சைக்கும் சிவப்புக்கும் அருகே பட்டையின் இடமும் உயர்வு தாழ்வைச் சொல்வதால், நிறம் தெரியாத தகப்பனும் அதைப் படிக்கலாம். பிள்ளை இப்போது எடை கூடி வருகிறது. அந்தப் பதிவேட்டை மூடிக் கொடுக்கும்போதெல்லாம் முதலுதவி அறையின் சுவர்ப்படமும், ஒரு நீலப் பென்சிலை நீட்டிய ஆசிரியையின் கையும் எனக்கு நினைவுக்கு வருகின்றன.